பான் மன்கோங்: குடியிருப்போரே பிளானரை அமர்த்தும் வீட்டுத் திட்டம் தேறுமா?

2003 ஜனவரியில் தாய்லாந்து அரசு நகர ஏழைகளுக்கு இரண்டு வீட்டுத் திட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்று 'பான் உவா ஆத்தோன்': தேசிய வீட்டு வசதி ஆணையம் கட்டி முடித்துச் சாவியைக் கையில் கொடுக்கும், மாதம் 1,000 முதல் 1,500 பாட் வரை கட்டிவர வேண்டும். மற்றொன்று 'பான் மன்கோங்', அதாவது நிலையான வீடு. இதில் சாவி கிடையாது. கிடைப்பவை மானியம், கடன், கூட வந்து உட்கார்ந்து தெருவும் மனையும் வகுக்க உதவும் ஒரு பிளானர் (திட்டமிடுநர்), இவ்வளவுதான். நிலம் பேசுவது, மனை பிரிப்பது, மேஸ்திரியைப் பிடிப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் குடியிருப்போர் பாடு. இங்கே எடைபோடுவது இந்த இரண்டாவது திட்டத்தை, அதிலும் பிளானருக்கு அது கொடுத்திருக்கும் இடத்தை.

'மக்கள் பங்கேற்பு' என்ற பெயரில் பல நாடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒரே நாடகம்தான். வரைபடம் முடிந்து டெண்டரும் தயாரான பிறகு ஒரு பந்தல் போடுவார்கள். பிளானர் மைக்கில் விளக்குவார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, படம் எடுத்து, அறிக்கையில் ஒட்டுவார்கள். அங்கே ஒரு பாட்டி எழுந்து "இந்தத் தெரு இப்படி வேண்டாம்" என்றால் பிளானரால் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்குப் படியளப்பவர் அந்தப் பந்தலில் இல்லை. பான் மன்கோங் கைவைத்தது இந்த இடத்தில்தான்.

பணம் போகும் வழி

திட்டத்தை நடத்துவது சமூக அமைப்புகள் மேம்பாட்டு நிறுவனம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துக் 'கோடி' என்பார்கள். (நம் காதுக்கு அது வேறு கோடியாகக் கேட்கும், ஒரு குடும்பத்துக்கு வருவதோ ஆயிரக் கணக்கில்தான்.) 1992இல் 125 கோடி பாட் முதலோடு தொடங்கிய நகர்ப்புறச் சமூக மேம்பாட்டு அலுவலகத்தையும் ஒரு கிராமப்புற நிதியையும் 2000இல் இணைத்து உருவாக்கினார்கள். கடன் கொடுத்து, வசூலித்து, மறுபடி கொடுத்த பழக்கம் இந்த நிறுவனத்துக்கு முன்பே இருந்தது. வீட்டுத் திட்டம் அதற்குப் பிறகு வந்தது. இந்த வரிசையைக் கவனிக்காமல் திட்டத்தை மட்டும் நகலெடுக்கும் நாடுகள் முதல் கட்டத்திலேயே தடுக்கி விழுகின்றன.

மானியம் தெரு, வடிகால், குடிநீர், மின்சாரம் ஆகியவற்றுக்கு, வீட்டுக்கு அல்ல. தொடக்க கால விகிதம் இப்படி: இருக்கும் இடத்திலேயே சீரமைத்தால் குடும்பத்துக்கு 25,000 பாட், மனைகளை மாற்றிப் பிரித்தாலோ அங்கேயே இடித்துக் கட்டினாலோ 45,000, வேறு இடம் போனால் 65,000. இந்தத் தொகை மாநகராட்சிக்கோ ஒப்பந்ததாரருக்கோ போகாமல், குடியிருப்போர் பதிவு செய்த கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். அதற்கு மேல் மானியத்தில் 5 சதவீதம் தனியாக உண்டு. குடியிருப்போர் தங்களுக்கு உதவ யாரை அழைக்கிறார்களோ அவர்களுக்கு அது: தொண்டு நிறுவனம், பல்கலைக்கழகம், கட்டடக்கலைஞர், பிளானர், யாராக இருந்தாலும் சரி.

நூறு குடும்பங்கள் உள்ள ஒரு பகுதி மனைகளை மாற்றிப் பிரிக்கிறது என்று வையுங்கள். உள்கட்டமைப்புக்கு 45 லட்சம் பாட், உதவியாளர்களுக்கு 2,25,000 பாட். பிளானர் தலைமைச் செயலகத்தைப் பார்த்து உட்காராமல் சங்கத்தைப் பார்த்து உட்காருவதற்கு இந்த இரண்டே கால் லட்சம்தான் காரணம். பிடிக்கவில்லை என்றால் வேறு ஆளை அழைத்துக்கொள்ளலாம். பணத்தின் பாதைக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுக்கலாம்.

வீட்டுக்கும் நிலத்துக்கும் கடன். அதையும் சங்கம்தான் வாங்கும், தனி ஆளுக்குக் கிடையாது. ஆரம்பத்தில் நிறுவனம் சங்கத்திடம் வாங்கிய வட்டி 2 சதவீதம், பின்னர் அது கூடியது. சங்கம் தன் பங்குக்கு ஓரிரு சதவீதம் சேர்த்து உறுப்பினருக்குக் கொடுக்கும். அந்த இடைவெளியைப் பார்த்து 'சொந்தச் சனமே வட்டி வாங்குகிறதே' என்று முகம் சுளிப்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு லட்சம் பாட், 15 வருடம், 180 தவணை. நிறுவனம் வாங்குவது 4 சதவீதம் என்றால் மாதம் 1,479 பாட். சங்கம் இரண்டு சேர்த்து 6 ஆக்கினால் 1,688. வித்தியாசம் 209 பாட். நூறு வீட்டுக்கு மாதம் 20,900 பாட் சங்கத்தின் கையில் நிற்கும். ஒருவர் வேலை இழந்து மூன்று மாதம் கட்டாமல் போனால் தாங்குவது அந்தப் பணம்தான். அது இல்லாத சங்கம் முதல் மழைக்காலத்திலேயே தவணை தவறும்.

கடன் கேட்கும் முன் அதில் பத்தில் ஒரு பங்கைச் சேமித்துக் காட்ட வேண்டும். இரண்டு லட்சத்துக்கு 20,000 பாட். மாதம் 500 சேர்த்தால் 40 மாதம், 1,000 சேர்த்தால் 20 மாதம். ஆகவே அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பே சேமிப்புக் குழு தொடங்கிவிட வேண்டும். படம் வரைந்து காட்டி ஆசையை மூட்டிவிட்டு, பிறகு "இனி இரண்டு வருடம் சேருங்கள்" என்றால் கூட்டம் கலைந்துவிடும்.

பிளானருக்கு என்ன வேலை

நகரம் முழுக்கக் கணக்கெடுப்பதுதான் முதல் வேலை. ஒரு குடிசைப் பகுதியில் உட்கார்ந்துவிடக் கூடாது. எத்தனை பகுதிகள், நிலம் யாருடையது, எங்கே வெளியேற்ற நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, எங்கே சேமிப்புக் குழு உயிரோடு இருக்கிறது என்று ஒரே தாளில் வர வேண்டும். இல்லாவிட்டால் சத்தமாகப் பேசத் தெரிந்த பகுதிக்கே எல்லாம் போகும். கணக்கெடுப்பைக் குடியிருப்போரே வீடு வீடாகப் போய்ச் செய்வார்கள். பிளானர் படிவத்தைச் சுருக்கிக் கொடுத்து, அளக்கக் கற்றுக் கொடுத்து, விட்டுப்போனதைத் தேட வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு, கூரைகளை எண்ணுவது. ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், பின்னறையில் வாடகைக்கு ஒருவர் என்று மூன்று அடுப்பு எரியும். அடுப்பைத்தான் எண்ண வேண்டும். பட்டியலுக்கு ஒரு கடைசி நாளை முன்பே அறிவித்து, எழுதிச் சுவரில் ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, பிறகே மூட வேண்டும். மூடாமல் வைத்த பட்டியல் மானியச் செய்தி பரவியதும் வீங்கிவிடும்.

அடுத்தது மனைக் கணக்கு. இந்த இடத்தில் பிளானர் இல்லாமல் வண்டி ஓடாது. தாய்லாந்தில் நிலத்தை ராய், வா என்று அளப்பார்கள்: ஒரு ராய் 1,600 சதுர மீட்டர், ஒரு சதுர வா 4 சதுர மீட்டர். நூறு குடும்பம் நான்கு ராயில் இருக்கிறது என்றால் 6,400 சதுர மீட்டர். தெருவுக்கும் வடிகாலுக்கும் 30 சதவீதம் போக 4,480. பொது மண்டபமும் கொஞ்சம் திறந்த இடமும் 280 எடுத்தால் மிச்சம் 4,200. தலைக்கு 42 சதுர மீட்டர், பத்தரை வா. ஆளுக்கு 10 வா என்று வைத்து, 4 மீட்டர் முகப்பும் 10 மீட்டர் ஆழமும் கொடுத்தால் 200 சதுர மீட்டர் கையிருப்பில் நிற்கும். மூலை மனைக்கும் வளைவுக்கும் அது தேவைப்படும்.

முகப்பை 5 மீட்டராக்கி ஆழத்தை 8 ஆக்கலாமே என்று கேட்பார்கள், காற்று நன்றாக வரும். வரும்தான். ஆனால் இருபுறமும் வீடுள்ள தெருவில் நூறு வீட்டுக்கு 200 மீட்டர் தெரு 250 மீட்டராகும். வடிகால் குழாயும் 50 மீட்டர் கூடும். மானியம் அதே 45 லட்சம்தான். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட அட்டை வெட்டிக் காட்டுவது மேல். 1:200 அளவில் ஒரு மனை 2 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் அட்டை. நூறு அட்டையையும் நிலத்தின் வரைபடத்தையும் மேசையில் போட்டுவிட்டுப் பிளானர் பின்வரிசைக்குப் போய்விட வேண்டும். முதல் சுற்றில் எல்லோருக்கும் தனி வீடு வேண்டும். 4 மீட்டர் மனையில் இரு பக்கமும் ஒரு மீட்டர் விட்டால் மிஞ்சும் வீட்டின் அகலம் 2 மீட்டர். கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது. 1:50இல் வெட்டிய கட்டில் அட்டையே அதைச் சொல்லிவிடும், பிளானர் வாய் திறக்க வேண்டியதில்லை. மூன்றாவது சுற்றில் வரிசை வீடுகளுக்கு அவர்களே வந்து சேர்வார்கள்.

மேசையில் முடிவானதைத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு நடந்து பார்க்காமல் கையெழுத்து வாங்கக் கூடாது. பாங்காக்கின் குடிசைப் பகுதிகளில் தள்ளுவண்டி வியாபாரிகள் அதிகம். காகிதத்தில் அழகாக வளையும் சந்தில் நூடுல்ஸ் வண்டி திரும்பாது. வண்டியை இரவில் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி பெரும்பாலும் பெண்களிடமிருந்துதான் வரும், ஆகவே கூட்டம் அவர்கள் கடை கட்டிய பிறகு நடக்க வேண்டும்.

செலவுக் கணக்கில் கோட்டை விடுவது அஸ்திவாரத்தில். பாங்காக் மண் மெத்தென்ற களிமண், பைல் (ஆழத்தில் இறக்கும் அஸ்திவாரத் தூண்) அடிக்காமல் நிற்காது. வாய்க்கால் ஓரம் என்றால் மண் நிரப்பி உயர்த்தவும் வேண்டும், நிரப்பிய மண் அமுங்கும். அவசரத்தில் அதன் மேல் நேராக வடிகால் பதித்தால் இரண்டு மழைக்குள் சரிவு மாறித் தண்ணீர் எதிர்த்திசையில் போகும். சுவர், கூரை மட்டும் சேர்த்து 'வீடு இவ்வளவு' என்று சொல்லிவிட்டுப் பைலுக்கு மறுபடி கையேந்துவது பிளானரின் பெயரைக் கெடுக்கும் முதல் காரியம். இன்னொன்று வீட்டுப் பதிவேடு. அது இல்லாத வீட்டுக்கு மின் மீட்டரும் குடிநீர் மீட்டரும் தன் பெயரில் கிடைக்காது. பக்கத்து வீட்டிலிருந்து இழுத்துக் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வட்டார அலுவலகத்தில் இந்தக் காகிதத்தை நகர்த்துவதும், குறுகிய தெருவுக்கு விதித் தளர்வு வாங்குவதும் வரைபடம் வரைவதைவிட அதிக நாளைத் தின்னும்.

கட்டி நிற்பவை

போன் காய், பாங்காக்கின் நடுப்பகுதியில் 566 குடும்பங்கள். நிலம் அப்போது அரச குடும்பச் சொத்துப் பணியகத்துடையது. 2001 தீ விபத்தில் ஏறத்தாழ 200 வீடுகள் எரிந்தன. குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து 30 வருடக் குத்தகை பேசினார்கள், தனித்தனிப் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரில். மனை வெறும் 24 சதுர மீட்டர், அதன் மேல் மூன்று மாடி வரிசை வீடு. வேலையை மூன்று கட்டமாகப் பிரித்ததால் யாரும் வெளியே போய்க் குடியிருக்க வேண்டி வரவில்லை. கட்டங்களை இப்படிப் பிரிப்பது சுத்தமான பிளானர் வேலை. எந்த வரிசையை முதலில் இடித்தால் எத்தனை பேர் எங்கே தூங்குவார்கள் என்ற கணக்கு அது.

க்லோங் லும்நூன் அதற்கு நேர் எதிர், 49 குடும்பங்கள் மட்டும். 1997இல் நில உரிமையாளர் வெளியேறச் சொன்னார். நீண்ட இழுபறிக்குப் பின் நிலத்தின் ஒரு துண்டை மலிவாக விற்கச் சம்மதித்தார், மீதி அவருக்கே. இந்த 'நிலப் பகிர்வு' உத்தி 1980களிலேயே பாங்காக்கில் பழகியது. இளம் கட்டடக்கலைஞர்கள் உடனிருந்து நான்கு வகை வீடுகள் உருவாயின. நாலு மனைகளைப் பொதுக் கூடத்துக்கு ஒதுக்கினார்கள். அரை அங்குலத்துக்கு அடித்துக்கொள்ளும் நிலையில் நாலு மனையை விட்டுக்கொடுக்க வைப்பது லேசான காரியமில்லை.

பாங் புவா வாய்க்கால்தான் திட்டத்தின் முகம். 12 குடியிருப்புகள், சுமார் 3,400 குடும்பங்கள், கருவூலத் துறை நிலம். வாய்க்காலை அசுத்தப்படுத்துகிறார்கள் என்ற பழியை முதலில் கழுவினார்கள்: தாங்களே வாய்க்காலைத் தூர்வாரி, வீடுகளைப் பின்னுக்கு நகர்த்தி, கரையில் நடைபாதை விட்டு, அதைக் காட்டி 30 வருடக் குத்தகை கேட்டார்கள். பக்கத்திலிருந்த ஸ்ரீபதும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் வரைபடத்துக்குக் கைகொடுத்தார்கள். ஒரு குடியிருப்பு தனியாகப் போயிருந்தால் அதிகாரி காபி கொடுத்து அனுப்பியிருப்பார். பன்னிரண்டும் சேர்ந்து போனதால் பேச்சுவார்த்தை நடந்தது.

ரயில்வே நிலத்தில் கதை வேறு. 'நான்கு பிராந்தியக் குடிசைப் பகுதி வலைப்பின்னல்' என்ற குடிசைவாசிகள் அமைப்பு 2000இல் போராடிப் பெற்ற ஒப்பந்தத்தின்படி, தண்டவாளத்திலிருந்து 40 மீட்டருக்கு அப்பால் உள்ளவர்களுக்கு நீண்ட காலக் குத்தகை, அதற்கு உட்பட்டவர்களுக்குக் குறுகிய காலம். அங்கே பிளானரின் நாடா 39 காட்டுகிறதா 41 காட்டுகிறதா என்பதில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே இருக்கிறது.

சறுக்குமிடம்

வாடகைதாரர். குடிசையின் உரிமையாளர் சேமிப்புக் குழுவில் சேர்கிறார். பின்னறையில் இருப்பவர் நாளைக்கு வேறு ஊர் போகக்கூடியவர் என்று ஒதுக்கப்படுகிறார். மாறாத வருமானம் இல்லாதவரும், ஏற்கெனவே கந்துவட்டியில் மூழ்கியவரும் மாதச் சேமிப்பிலேயே உதிர்ந்துவிடுகிறார்கள். சில சங்கங்கள் பொதுச் செலவில் ஓரிரண்டு சிறிய வீடுகள் கட்டி முதியவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் கொடுத்திருக்கின்றன, ஆனால் அது சங்கத்தின் மனசைப் பொறுத்தது, திட்டத்தின் விதியில்லை. இதற்கு ஐந்துக்கு ஒன்றரை.

வேகமும் குறை. ஐந்து வருடத்தில் 200 நகரங்களில் மூன்று லட்சம் குடும்பங்கள் என்று ஆரம்பித்தார்கள். பத்து வருடத்தில் எட்டியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இலக்கே அளவுமீறியது என்பதும் உண்மை. ஆனால் நூறு குடும்பத்துக்கு இரண்டே கால் லட்சம் பாட் என்ற ஊதியத்தில், இரண்டு மூன்று வருடம் மாலைக் கூட்டங்களுக்கு வர எத்தனை பேர் கிடைப்பார்கள்? அதுவும் பல கைகளுக்குப் பிரியும் பணம். வந்தவர்களில் பலர் இளைஞர்கள், மாணவர்கள். படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள், பாதி வரைந்த படம் அடுத்தவர் கைக்குப் போகும். மாறுவது பிளானர்தான், தெருவின் அளவை மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டியவர்கள் குடியிருப்போர்.

மிகப் பெரிய சறுக்கல் லாட் ப்ராவ் வாய்க்காலில். 2011 வெள்ளத்துக்குப் பிறகு வாய்க்காலை 38 மீட்டர் அகலத்துக்கு விரித்துக் கான்கிரீட் கரை கட்ட அரசு முடிவெடுத்தது. கரையோரக் குடும்பங்களுக்கு மறுவீட்டு வழியாக வைக்கப்பட்டது பான் மன்கோங். வெளிப் பார்வைக்கு எல்லாம் அதே: சங்கம், சேமிப்பு, கடன், அட்டை மாதிரி. ஆனால் எவ்வளவு நிலம் மிஞ்சும், எப்போது இடிக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கூட்டத்துக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. சேர மறுத்தவர்களும் சேர்ந்தவர்களும் ஒரே தெருவில் எதிரிகளானார்கள். கரையின் கட்டுமான அட்டவணை மணியடிக்கும்போது பிளானர் மறுபடியும் மைக் பிடித்து விளக்குபவராகிவிடுகிறார், பழைய பந்தல் கதைதான்.

வேறு எதோடு ஒப்பிடலாம்

கடன் வேண்டாம், வடிகால் மட்டும் போதும் என்றால் கராச்சியின் ஓரங்கி குடியிருப்பில் நடந்த வடிகால் திட்டம் மலிவு. 1980இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கியது. இருபது முப்பது வீடுகள் உள்ள ஒரு சந்துதான் அலகு. வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், அதைச் சேர்க்கும் துணைக் குழாய் வரை குடியிருப்போர் செலவு. பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. தொழில்நுட்பம் தெரிந்த உள்ளூர் இளைஞர்கள் மட்டம் பார்த்து, வரைபடமும் மதிப்பீடும் கொடுப்பார்கள். பணத்தைத் தொட மாட்டார்கள். பணமும் படமும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்ற இந்த ஒழுங்கு பான் மன்கோங்கைவிடக் கறாரானது. வரைபடம் அங்கே ஆபத்தான பொருளும்கூட. ஓரங்கித் திட்டத்தை நடத்தி, நகர விளிம்பு நிலங்களையும் தண்ணீர் வழிகளையும் பதிவு செய்துவந்த கட்டடக்கலைஞர் பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பான் மன்கோங்கை மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோன வடிவம், ஆசிய வீட்டுரிமைக் கூட்டமைப்பு 2009இல் தொடங்கிய நிதித் திட்டம். சிறு வேலைக்கு அதிகபட்சம் 3,000 டாலர், ஒரு நகரத்தின் பெரிய வீட்டு வேலைக்கு 40,000. தொகை வேண்டுமென்றே சிறிதாக வைக்கப்பட்டது. மூவாயிரம் டாலரில் ஒரு நடைபாலமோ வடிகாலோ போட்ட குழு, அதைக் காட்டி நகராட்சியிடம் நிலம் கேட்டது. பெரிய ஆலோசனை நிறுவனம் எட்டிப் பார்க்க முடியாத தொகை என்பதால் உள்ளூர் பிளானருக்கு வேலை மிஞ்சியது.

தாய்லாந்தில் இப்போது இந்தத் திட்டத்தில் நுழைபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குத்தகைப் பத்திரத்தின் புதுப்பிப்பு வாசகம். 2003-04 வாக்கில் எழுதிய முப்பது வருடக் குத்தகைகள் 2030களின் தொடக்கத்தில் முடிகின்றன; வீட்டுக் கடன் பதினைந்து வருடத்தில் தீர்ந்திருக்கும். கடன் தீர்ந்ததும் பல சங்கங்களில் கூட்டம் நின்றுவிடுகிறது, செயலாளர் மாறிவிடுகிறார், மூலப் பத்திரம் யாருடைய அலமாரியில் என்று தெரிவதில்லை. பத்திரத்தின் நகல், அளவு குறித்த மனை வரைபடம், உறுப்பினர் பட்டியல் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு, நிலத்துக்குச் சொந்தமான துறையிடம் ஐந்து வருடம் முன்பே பேச்சை ஆரம்பிக்க வேண்டும். அந்தக் கோப்பைத் தயாரிக்கப் பிளானருக்குக் கொடுக்க 5 சதவீதம் இந்தமுறை எங்கிருந்தும் வராது, சங்கம் வட்டி இடைவெளியில் சேர்த்துவைத்த அந்த 209 பாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.